ரிட்டர்ன் போட்ட மதியம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் உங்கள் பாடு. 1996-இல் ஏற்காட்டில் நடந்தது இது. ஜேசுதாஸ் கதை கட்டுகிற ஆளே இல்லை, அந்த மனிதருக்கு ஒரு பொய் ஒழுங்காகச் சொல்ல வராது.

அவர் கம்ப்யூட்டர் வாத்தியார். லாட்ஜ் முதலாளி செல்வராஜ், டூரிஸ்ட் பிள்ளைகள் விளையாட ஒரு பேய் கேம் கேட்டிருந்தார். "அருவா வெச்சிருக்கறவனுக்குப் பொன்னுவேல்னு பேரு போடுங்க," என்று சிரித்தார். ஜேசுதாஸுக்கும் குறும்பு. கேமில் பொன்னுவேலைக் கூப்பிடுகிற அறைக்கு 'செல்வராஜ்' என்றே பேர் வைத்தார். அங்கே மணியடித்தால் பொன்னுவேல் வருவான், எதிர்ப்படும் கதவை உடையும்வரை வெட்டுவான்.

மழை மதியம். வீட்டில் அவரும் மனைவி காவேரியும்தான். எழுதி முடித்த கேம் ஸ்கிரிப்டை ஓடவிட்டார். திரையில் அரிவாள் விழுந்தது.

டக்...

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. சத்தம் வந்தது வாசல் கதவில்.

டக்... பலகையைப் பிளந்துகொண்டு அரிவாள் முனை உள்ளே தெரிந்தது. காவேரி ஓடிப்போய் முதுகைக் கொடுத்துக் கதவைத் தாங்கினாள்.

"ஏனுங்க, அத நிறுத்துங்க."

சோதித்துப் பார்ப்பதற்காக, ஓடும்போதே கட்டளை அடிக்க வழி வைத்திருந்தார். பதறிப்போய் 'கண்டினியூ' அடித்தார். அது ஒரே ஒரு வெட்டைத்தான் தாண்டும். ஒரு வெட்டு வரவில்லை. அடுத்தது வந்தது, காவேரியின் தோளில். ரத்தம் சுவரில் தெறித்தது.

'பிரேக்' அடித்தார். வெட்டு நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

பிரேக் வெட்டுவதை மட்டும்தான் நிறுத்தும். அதற்குக் கீழே உள்ள வரி ஓடும்.

கீழே அவர் எழுதியிருந்தது... 'உள்ளே வா.'

தாழ்ப்பாள் தானாக விலகியது.

'எக்ஸிட்' அடித்தால் எல்லாமே அங்கேயே முடியும். எல்லாமே என்றால்... காவேரியுமா? விரல் துணியவில்லை.

'ரிட்டர்ன்' அடித்தார். கூப்பிட்ட இடத்துக்கே திரும்பிப் போவான்.

காலடிச் சத்தம் படியிறங்கியது.

காவேரி தையல் போட்டுப் பிழைத்தாள். செல்வராஜ் பிழைக்கவில்லை. அதே மதியம், உள்தாழ் போட்ட லாட்ஜ் அறையில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். அந்தக் கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

பொன்னுவேல் என்று பக்கத்துக் கிராமமான வாழவந்தியில் நிஜமாகவே ஒருவர் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சில வருஷம் முன்னால் எஸ்டேட் தகராறில் செல்வராஜ் அவரை ஆள்விட்டுக் கூப்பிட்டார், போனவர் வரவில்லை, வெட்டிப் புதைத்ததாக ஊரே குசுகுசுத்தது. ஜேசுதாஸ் மனசு கேட்காமல் பொன்னுவேலின் மனைவி கண்ணாயியைப் பார்க்கப் போனார்.

"போறேன்னு சொல்லலீங்க. போயிட்டு வந்தர்றேன்னுதான் சொன்னாருங்க," என்றாள் கண்ணாயி. "செல்வராஜு செத்த அன்னைக்குச் சாயங்காலம் வந்தாருங்க. கை கழுவத் தண்ணி கேட்டாரு."