மரைக்கு விதைத்த முள்ளங்கி

அந்தக் கம்பியைக் கட்டியவன் நான். செல்வராஜ் அல்ல... நான்!

ஆறு வருடங்களாக ஒருவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? என் முகம் உங்களுக்குத் தெரியாது என்பதாலா? இருக்கலாம்.

எங்கள் தோட்டத்தின் மேல்மலையில், காட்டை ஒட்டி, கைவிடப்பட்ட தேயிலைத் துண்டு ஒன்று உண்டு. அங்கே யாருக்கும் தெரியாமல் முள்ளங்கியும் முட்டைக்கோவாவும் விதைத்தேன். வேலி போடவில்லை. போடுவேனா? அது மனிதருக்கான பயிரே அல்ல! தை மாதப் பனியில் புல் கருகியதும் மரை மான்கள் பச்சை தேடிக் காட்டைவிட்டு இறங்கும். அவை இறங்கும் வழியில் சுருக்குக் கம்பி கட்டினேன். இறைச்சி ஆசை... வேறு காரணம் என்னிடம் இல்லை.

ஒரு காலையில் பெரிய மரையொன்று கழுத்து இறுகிச் செத்துக் கிடந்தது. நான் போய்ச் சேருமுன்பே வனவிலங்கு அதிகாரிகள் வந்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த ஒரே வீடு, தோட்டக் காவல்காரன் செல்வராஜுடையது. அவனுக்குச் சிங்களம் நாலு வார்த்தைக்கு மேல் வராது. நானோ கினிகத்தேனை டவுனில் கடைவேலை செய்து சிங்களம் பழகியவன். அவன் பேச்சை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். என்னை!

"யாரு வெதச்சதுன்னு தெரியாதுண்ணே. கொழம்புக்குக் கீரை கிள்ள மட்டுந்தான் போவேன். கம்பி சத்தியமா என்னோடது இல்ல. சொல்லுங்கண்ணே!"

கீரை கிள்ள அடிக்கடி அங்கே போவானாம் என்று சொன்னேன்.

கம்பியைப் பற்றி என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டார்.

ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

எப்படிச் சொன்னேன்? என் குரல் நடுங்கக்கூட இல்லையே!

அவனை ஜீப்பில் ஏற்றும்போது அவன் மனைவி பாக்கியம் என் கையைப் பிடித்தாள்.

"அவரு சொன்னதெல்லாம் சொல்லிட்டீங்களாண்ணே?"

"எல்லாம் சொல்லிட்டேன் தங்கச்சி."

வழக்கு முடியும்வரை இரண்டு வாரம் விளக்கமறியலில், சிறைக்குள் கிடந்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்கு வரலாம் என்று நான்தான் போய் யோசனை சொன்னேன். ஒப்புக்கொண்டான்... செய்யாததை! காவல் வேலை போயிற்று. அந்த வேலையோடு வந்த வீடும் போயிற்று. குடும்பத்தோடு கொழும்புக்குப் போனவன், இன்று ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறான்.

அவன் என்னை வெறுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தீபாவளிக்குத் தீபாவளி அழைக்கிறான். "அன்னைக்கு எனக்காக நீங்க மட்டுந்தாண்ணே பேசுனீங்க" என்கிறான்.

நேற்றும் அழைத்தான். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருகிறார்களாம்.

"ரெண்டு நாளு ஒங்க வீட்டுலதாண்ணே தங்குவோம். பாக்கியம் ஒங்களப் பாக்கணும்னு நிக்கிறா."

வாங்க என்றேன். வேறென்ன சொல்வேன்?

சனிக்கிழமை வருகிறார்கள். என் மனைவி காலையிலிருந்து போர்வைகளைத் துவைத்து உலர்த்துகிறாள். நான் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டேயிருக்கிறேன். சொல்லிவிடுவேனா... பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தாவது?

மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். சோறு போட்டு, பாய் விரித்து, பஸ் ஏற்றி அனுப்புவேன்.