இருபத்துநாலின் இடது ஓரம்

நான் எதையும் சட்டென்று வாங்குகிறவன் அல்ல. ஒரு குடை வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குவேன். கேமராவுக்கு ஒரு லென்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டில் அன்றாடம் நடப்பதைப் படம் பிடிக்கத்தான் அது வேண்டியிருந்தது. அடுப்படியில் மனைவி, சாப்பாட்டு மேசையில் புத்தகத்தைப் பரப்பிய மகள், இவ்வளவுதான். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் டெரஸ் வீடு நீளமானது, ஒடுக்கமானது. பகலிலேயே நடுக்கூடம் இருட்டிக் கிடக்கும். குறைந்த வெளிச்சத்திலும் படம் விழுகிற அகல லென்ஸ்தான் சரிப்படும். ஜூம் கிடையாது, ஒரே அளவு. இருபத்துநாலு எம்எம்மா, முப்பத்தைந்தா? இருபத்துநாலு கூடம் முழுவதையும் அள்ளிவிடும். முப்பத்தைந்து கொஞ்சம் நெருங்கிப் பார்க்கும். இரண்டையும் வாங்க எனக்கு வசதியில்லை.

ஜொகூர் பாருவில் கல்யாணப் படம் எடுக்கும் என் பள்ளித் தோழன் இரண்டையும் எடுத்து நீட்டினான்.

"ரெண்டு வாரம் வச்சிக்கோ மச்சான். எது ஒத்து வருதோ அத வாங்கு. சும்மா மண்டைய ஒடச்சிக்காத லா."

முதல் வாரம் இருபத்துநாலு. தோசை சுடும் மனைவியை எடுத்தேன். படத்தின் இடது ஓரத்தில் மகளின் பாதி முகம். கோயில் வாசலை எடுத்தேன்; யாரோ ஒருவருடைய கையும் அர்ச்சனைத் தட்டும். ஞாயிற்றுக்கிழமை பொந்தியானுக்குப் போய்க் கடலோரத்தில் இருவரையும் நிற்கவைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது ஓரத்தில் தூண்டில் போடுகிற ஒரு மனிதர், தொப்பையும் வாளியுமாக முழுசாக உட்கார்ந்திருக்கிறார். நான் எடுக்கும்போது அவர் அங்கே இல்லை. சத்தியமாக இல்லை.

எனக்குக் கோபம் லென்ஸ் மேல்தான் வந்தது. கண்ணுக்குக் காட்டுவது ஒன்று, படத்தில் போடுவது ஒன்று என்று அதைத் திட்டினேன். இரண்டாவது வாரம் முப்பத்தைந்தை மாட்டினேன். அதிலும் அழையா விருந்தாளிகள் வந்தார்கள், ஆனால் குறைவாக. அப்பாடா, இதுதான் ஒழுங்கான லென்ஸ், முடிவு செய்தாயிற்று என்று நினைத்தேன்.

மனைவி மடிக்கணினியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"என்னாங்க, எல்லாரும் ஒரே பக்கமா வந்து நிக்கிறாங்க? வலது பக்கம் ஒருத்தர்கூட இல்லையே."

நான் சிரித்தேன். அவள் அடுப்படிக்குப் போனதும் எல்லாப் படங்களையும் முதலிலிருந்து பார்த்தேன். வலது ஓரம் துடைத்துவிட்டதுபோல் சுத்தம். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

லென்ஸ்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மனைவியும் கூட வந்தாள். தோழன் என் புகாரைக் கேட்டுவிட்டு இருபத்துநாலைக் கேமராவில் மாட்டி, நாலு படம் எடுத்து, உதட்டைப் பிதுக்கினான்.

"இதுல நீ பாக்குறதுதான் விழும். கூட கொறைய வராது. நீ எந்தக் கண்ணால பாக்குற?"

"வலது. முப்பது வருசமா வலதுதான். இடத மூடிக்குவேன்."

"இப்ப இடதால பாரு."

பார்த்தேன். சுவர், சுவரில் மாட்டிய கல்யாண ஜோடிகள், இடது ஓரத்தில் கைப்பையைப் பிடித்தபடி என் மனைவி. கண்ணை மாற்றினேன். சுவர் இருந்தது, ஜோடிகள் இருந்தார்கள். மனைவி இல்லை.

அவள் நின்ற இடத்தில் கறுப்பாகவோ மங்கலாகவோ எதுவும் தெரியவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அங்கே சுவர் பாட்டுக்குச் சுவராகவே நீண்டிருந்தது. என் கண் அவளை அழித்துவிட்டு, அழித்த இடத்துக்குச் சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தது.

"அலமாக், என்னடா இது" என்றான் தோழன், மெதுவாக. கார்ச் சாவியை மனைவியிடம் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து சிங்கப்பூர் வேலைக்குப் போவது ஒரு தண்டனையாகிவிட்டது. பல வருடமாகக் காஸ்வே கடற்பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். இரு பக்கமும் முழங்கை உரச ஆயிரம் பேர் போவார்கள். இப்போது இடது பக்கம் யாரும் இல்லை என்று கண் சொன்னால் நம்ப முடியவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் கழுத்து வலி கண்டதுதான் மிச்சம். அந்தப் பயத்தோடு இன்னொரு நினைவும் ஏறிக்கொண்டது.

என் அப்பா செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டினார். வயதாக ஆக, நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். எதிரே நின்று பேசினால் ஆளைத் தெரியும். பக்கத்தில் போய் நின்றால் திடுக்கிடுவார். "காலையிலேயே ஊத்திக்கிட்டியா?" என்று லயத்து வீடுகளில் கேலி செய்வார்கள். அவர் ஒரு சொட்டு குடித்தவர் அல்ல. அது தெரிந்தும் பிள்ளைகள் நாங்களும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். கடைசியில் எதிரே நின்றாலும் ஆளைத் தெரியவில்லை. வயசு என்று விட்டுவிட்டோம்.

கண் மருத்துவமனையில் இடது கண்ணை மூடி, தாடையை ஒரு வெள்ளைக் கிண்ணத்தின் முன் வைக்கச் சொன்னார்கள். உள்ளே ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். பிறகு நீண்ட நேரம் ஒரு புள்ளியும் வரவில்லை. வந்துகொண்டுதான் இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று புரிந்ததும் குத்துமதிப்பாக அழுத்த ஆரம்பித்தேன். ஐம்பது வயதில் பரீட்சையில் காப்பியடித்தேன். இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. தாதி கோபப்படாமல், இன்னொரு தடவை செய்யலாம் என்றார்.

கண்ணுக்குள் அழுத்தம், அது நரம்பைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டர். வலது கண் விட்டதை இடது கண் இத்தனை நாள் ஈடுகட்டி வந்ததால் எனக்குத் தெரியவில்லையாம். கேமரா முன்னால்தான் வலது கண் தனியாக நின்று மாட்டிக்கொண்டது. போனது போனதுதான், சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். நிலைப்படியைப் பற்றிச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, பிள்ளைகள் இருந்தால் கூட்டி வாருங்கள் என்றார்.

எனக்கு ஒரே மகள். பதினேழு வயது, ஐந்தாம் படிவம் படிக்கிறாள். வரும் வியாழக்கிழமை அவளுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று மழுப்பினேன்.

கடைசியில் இருபத்துநாலைத்தான் வாங்கினேன். நான் விடுவதை அது விடுவதில்லை.

நேற்றுச் சாயங்காலம் வியாழக்கிழமை வரை பொறுக்க முடியாமல் அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டுக் கேமராவைக் கொடுத்தேன். வலது கண்ணை அதில் ஒட்டி, இடது கண்ணை மூடினாள். நான் சொல்லிக் கொடுத்த பழக்கம். அவளுக்கு இடது பக்கமாக, செருப்பு அலமாரி அருகில் போய் நின்றேன்.

"அப்பா, ஏன் ஓரமா நிக்கிறீங்க? நடுவுல வாங்க."

தெரிகிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஓர் அடி தள்ளி நின்றேன்.

"இப்ப?"

"இப்ப காணோம்ப்பா."

லென்ஸை விட்டு வெளியே வந்துவிட்டேனா, என் பிள்ளையின் கண்ணை விட்டா? எனக்குத் தெரியவில்லை.

"அப்படியே ஒரு படம் எடு" என்றேன்.

"ஆளே இல்லாத சுவரையா?" என்று சிரித்தாள். எடுத்தாள். "இந்தாங்க, பாருங்க" என்று கேமராவை நீட்டினாள்.

என் கை எழவில்லை. அலமாரி மேல் வை, அப்புறம் பார்க்கிறேன் என்றேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.