நாலு மூலை மஞ்சள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் எப்போதும் ஏதாவது ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஒட்டுபவர் என் நாத்தனார்; என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கும் அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளாதவர், தலைமைச் செயலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். "குக்கர் கேஸ்கெட் மாற்றவும்" என்று ஒரு சீட்டு. இரண்டு நாளில் மாற்றாவிட்டால் அதன் கீழே "ரிமைண்டர் 1". எல்லாம் மலையாளத்தில். திருவனந்தபுரம் வலியசாலையில் பிறந்து வளர்ந்த அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கோ, மலையாளம் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் எனக்குப் பாதிக் கோபம் போய்விடும். இந்த வீடு ரெண்டாகாமல் இருப்பதே அதனால்தான் என்பார் என் வீட்டுக்காரர்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவின் கையிலிருந்து ஸ்பூன் நழுவி விழுந்தது. வாயும் கோணியது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த மறுநாளே ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு நேக்கு வாய் பேச வரலைன்னா, டாக்டர்கிட்ட யார் பேசணும், என்ன சொல்லணும்னு இப்பவே எழுதி வைக்கப்போறேன். இனி பொழைக்க வழியில்லைன்னு டாக்டர்மார் சொல்லியாச்சுன்னா, டியூப், மெஷின் ஒண்ணும் வேண்டாம். வலிக்கு மருந்து மாத்திரம் மதி, அது போறும். சட்டத்துல எடம் இருக்கு, கேட்டேளா?"

"அதை எழுதி வேற வைக்கணுமா? நான் இருக்கேனே, நான் சொல்ல மாட்டேனா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ சொல்ல மாட்டே. அதான் உன் பேரைப் போடலை. இவ பேரைப் போட்டிருக்கேன்" என்று பென்சிலை என் பக்கம் நீட்டினார் அக்கா.

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். காரணம் இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் மாமனார் வென்டிலேட்டரில் கிடந்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் சொல்லி ஆறு நாள் ஆகியிருந்தது. நெற்றியில் விபூதி இட உள்ளே போன நான், அவர் கை இரண்டையும் கட்டிலோடு கட்டியிருந்ததைப் பார்த்தேன். கண்ணோரம் ஈரமாக இருந்தது. வெளியே வந்து இவர்கள் இருவரிடமும், "அப்பாவுக்கு வலிக்கறது. போறும், விட்டுடச் சொல்லலாம்" என்றேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "உன் அப்பாவா இருந்தா சொல்லுவியா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் ஒன்பது நாள் அப்படியே கிடந்துதான் அவர் போனார். அக்கா என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்ட ஆரம்பித்தது அப்போதுதான். பேச்சு திரும்பி வந்த பிறகும் சீட்டு நிற்கவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் நான் மறக்கவே இல்லை.

அதனால் பென்சில் என் பக்கம் திரும்பியதும், "என்னால ஆகாது அக்கா. ஒரு தடவை சொல்லி வாங்கிக் கட்டிண்டது போறும்" என்று எழுந்து போய்விட்டேன். அன்று சாயங்காலம் ஃபிரிட்ஜில் சீட்டு: "சம்மதம் தேவை." அடுத்த வாரம் ரிமைண்டர் 1. அதற்கடுத்த வாரம் ரிமைண்டர் 2. நானும் அசைந்து கொடுக்கவில்லை. பிடிவாதத்தில் நான் அவருக்கு இளைத்தவள் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மேஜைமேல் புதிதாக டைப் அடித்த தாள் ஒன்று இருந்தது. முழுக்க மலையாளம். பென்ஷன் காகிதமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு வரும் புதுக் காகிதம் எதுவானாலும், கல்யாணப் பத்திரிகையோ காஸ் கனெக்‌ஷன் புத்தகமோ, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஸ்வாமி முன்னால் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. கை தன்னால் போனது. மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் இட்டேன்.

குளித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். "இது அக்காவோட பேப்பர்னா! சாவு சமாசாரத்துக்கு யாராவது மஞ்சள் வைப்பாளா?"

மங்கலத்துக்கு வைப்பதை எதற்கு வைத்துவிட்டேன் என்று பதறிப்போய்ப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். ஈர மஞ்சள் கீழ்ப்பத்தி முழுக்க இழுத்துக்கொண்டு போனது. அழுகையே வந்துவிட்டது.

அக்கா தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எதுக்கு அழறே? இது சாகறதுக்கான பேப்பர் இல்லை. இருக்கற வரைக்கும் என்னை எப்படி வச்சுக்கணும்ங்கறதுக்கான பேப்பர். மஞ்சள் இருக்கட்டும்" என்றார். பிறகு நேராக ஃபிரிட்ஜுக்குப் போய் மூன்று சீட்டையும் கிழித்தார். "சம்மதம் கெடைச்சாச்சு."

"நான் எங்கே சம்மதிச்சேன்?"

"மஞ்சளையும் வச்சுட்டு அப்பீலா?"

அன்று பதினொரு மணிக்கு வஞ்சியூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டரி முன்னால் உட்கார்ந்திருந்தோம். சாட்சிக்கு அக்காவின் பழைய ஆபீஸ் சிநேகிதிகள் இரண்டு பேர். நோட்டரி தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெந்தா சேச்சி, சாம்பாரோ?" என்றார்.

"மஞ்ஞளாணு" என்றார் அக்கா, ஆபீஸ் குரலில்.

கறை பட்ட வரிகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்க்க, நோட்டரி அந்தப் பத்தியை உரக்கப் படித்தார். என் பெயர் வந்தது. அதற்குக் கீழே இருந்த வரிகளை அதுவரை நான் படித்திருக்கவில்லை. மலையாளம் காதில் விழுந்தால் எனக்கு நன்றாகவே புரியும். "என் அப்பாவின் வலியை முதலில் கண்டவள் இவள்தான். அன்று இவள் சொன்னதை நான் கேட்கவில்லை. இனி எனக்காக இவள் சொல்லட்டும்."

நோட்டரி கண்ணாடியைக் கழற்றினார். இந்த மாதிரிக் காரணமெல்லாம் சட்டத்துக்குத் தேவையில்லை, எடுத்துவிட்டு வேறு தாள் அடிக்கலாமே என்றார். "அது அவிடெ கிடக்கட்டே" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

பதினோரு வருஷமாக அவரிடம் மனசுக்குள் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று வரியில் பதில் எழுதிவிட்டார், எனக்குச் சரியாகப் படிக்க வராத எழுத்தில். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். கடைசி எழுத்து மஞ்சளுக்குள் போய்விட்டது.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா நடுவில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் வெளியே பார்த்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஸ்பூன் நழுவிய அந்த வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா இழுத்துக்கொள்ளவில்லை.

"அந்த நாள் வந்தா, அழுதுண்டே சொல்லு, சாரமில்லை, பரவாயில்லை. ஆனா சொல்லிடணும்."

"சொல்றேன் அக்கா."

பாதி வழி வந்த பிறகு, "கேஸ்கெட்டையும் மாத்து" என்றார்.