கடலைப் பார்த்து ஓடுகிறவள்

சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, மேலே ஓர் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தெருமுனைக் குழாயடியிலிருந்து கடலைப் பார்த்து ஓடுகிறாள் மங்கலம். மணல் தொடங்கும் இடத்தில் செருப்பு இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பறக்கும். அலையோரம் வரை போய், ஈரத்தில் ஒரு காலை அழுத்தி வைத்து, உடனே திரும்புவாள். திரும்பும்போது ஓடமாட்டாள். கடைக்குப் போய்விட்டு வருகிறவளைப் போல் கையை வீசி நடந்து குழாயடிக்கு வருவாள். வந்ததும் மறுபடி கடலைப் பார்த்து ஓட்டம்.

போகும்போது ஓட்டம், வரும்போது நடை. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் இது என்ன கிறுக்கு என்றுதான் கேட்பார்கள். தேவனாம்பட்டினத்துக்காரர்கள் கேட்கமாட்டார்கள். அது ஊர்ப் பஞ்சாயத்தின் தீர்ப்பு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

படகு மறைவில் வலை பின்னும் இளவட்டங்கள் மட்டும் சும்மா இருப்பதில்லை. "என்னா அண்ணி, இன்னைக்கு மெட்ராஸ் வரைக்குமா?" என்று ஒருவன் வாயைக் கொடுப்பான். "வலையில ஓட்டை கெடக்கு, ஒன் கண்ணு பூரா என் காலு மேல. மீனு எப்பிட்றா நிக்கும்?" என்பாள் ஓடிக்கொண்டே. மற்றவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பான், வேறு வழி?

ஓட்டம் முடிந்த கையோடு கரையில் ஏலம். காரப்பொடியோ கவளையோ கிடைத்த மீனை அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் மஞ்சக்குப்பம் போய்விடுவாள். அங்கே தெருத் தெருவாக வியாபாரம். பேரம் பேசுகிறவர்களிடம் மூக்குக்கு மேல் கோபம் வரும். மீனை அரிந்து கொடுக்கும்போது அதுவே மறந்தும் போகும். புதிதாக ஒரு வீட்டு வாசலில் கூடையை இறக்கினால் மீனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்பாள்: "மாடிக்குப் படி எந்தப் பக்கம் தாயி?" திருடுவதற்கு நோட்டம் விடுகிறாள் என்று ஓர் அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டார். மங்கலம் கோபித்துக்கொள்ளவில்லை. "படி தெரிஞ்சாத்தான் எனக்கு ஒக்கார முடியும்" என்றாள். மாடி இல்லாத வீட்டில் தண்ணீர்கூட நின்றபடிதான் குடிப்பாள்.

காரணம் கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பர் காலைதான். அதைப் பற்றி அவளிடம் யாரும் தூண்டித் துருவ வேண்டியதில்லை. மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொல்வாள்.

"எல்லாரும் ஓட்றாங்க. நான் ஓடல. நின்னுட்டேன். காலு வரவே இல்ல. அவரு பத்து வயசுப் பொண்ணத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுக்கே போயிட்டாரு. பக்கத்து வூட்டுத் தங்கம்மா அக்கா கையில புள்ளயக் குடுத்துட்டுத் திரும்பி வந்தாரு, எனக்காவ. மச்சு வூட்டுப் படி வரைக்கும் இழுத்தாந்து, முதுகுல கைய வெச்சி ஒரே தள்ளு. நான் படி மேல. அவரு கீழ."

அவர் என்பது சுப்பராயலு, அவள் புருஷன். உடல் மறுநாள் கிடைத்தது. மங்கலம் போட்டுக்கொண்டு ஓடுவது அவருடைய சட்டையைத்தான்.

"நான் ஓடியிருந்தா அவரு திரும்பியே இருக்க மாட்டாரு. இனிமே எனக்காவ எவரும் திரும்பக் கூடாது. அவ்ளோதான்" என்று முடித்து, மீனைத் தண்ணீரில் அலசுவாள்.

ஓடத் தொடங்கிய புதிதில் அவளுக்குப் போக வர இரண்டுமே ஓட்டம்தான். ஊர் அப்போது தகரக் கொட்டகைகளில் இருந்தது. ஒரு காலையில் அவள் கடல் பக்கமிருந்து ஊரைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடி வந்தாள். அதைப் பார்த்த ஒருத்தி "தண்ணீ!" என்று கத்திவிட்டாள். அப்புறம் கேட்பானேன்! உலையில் அரிசி வெந்தது வெந்தபடி, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தெருவே ஓடியது. சாலை வரைக்கும் போன பிறகுதான் பின்னால் தண்ணீர் இல்லை, மங்கலம் மட்டும்தான் வருகிறாள் என்பது தெரிந்தது. தங்கம்மாள் சாக்கடையில் விழுந்து கை முறிந்து கிடந்தாள்.

அன்று சாயங்காலமே பஞ்சாயத்து கூடியது. அபராதம் போடு என்றது ஒரு கூட்டம். பைத்தியம் பிடித்துவிட்டது, மந்திரிக்க வேண்டும் என்றது இன்னொரு கூட்டம். மங்கலம் நடுவில் நின்று, "என்னா வேணா போடுங்க மாமா. ஓடாம மட்டும் இருக்க முடியாது" என்றாள் பஞ்சாயத்துத் தலைவர் சாமிக்கண்ணுவிடம். தம்பியையும் தம்பி மகனையும் கடலுக்குக் கொடுத்தவர் அவர். கடைசியில் அவர்தான் சொன்னார்: "ஓடு. கடலப் பாத்து ஓடு, எவனும் பயப்பட மாட்டான். ஊரப் பாத்து வரும்போது நடந்து வா. மொகத்த இந்தப் பக்கம் வெச்சிக்கிட்டு நீ ஓடினா, ஜனம் தாங்காது."

அன்றிலிருந்து அவள் அதை மீறியதில்லை. மழையில் ஓடினாள், சித்திரை வெயிலுக்கு முன்னால் எழுந்து ஓடினாள், புயல் அடித்து மரங்கள் சாய்ந்து கிடந்த மறுநாள் கிளைகளைத் தாண்டித் தாண்டி ஓடினாள். திரும்பும்போது நாய் துரத்தினால்கூட நடைதான். நின்று திட்டுவாளே தவிர ஓடமாட்டாள்.

நாயையும் மழையையும் சமாளித்தவளால் முட்டியைச் சமாளிக்க முடியவில்லை. வலது முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி வருஷம் ஒன்றாகிறது. ராத்திரி அதற்கு விளக்கெண்ணெய் தேய்த்து, அதோடு சமாதானமாகப் பேசுவாள். காலையில் அது எழ மறுக்கும். இவள் விடமாட்டாள்.

மகள் இசைவாணிக்கு இதெல்லாம் அறவே பிடிக்காது. சிதம்பரத்தில் நர்சிங் முதல் வருஷம். கடல் கண்ணில் படாத ஊராகப் பார்த்து மங்கலமே சேர்த்துவிட்டது. ஹாஸ்டலில் இருக்கச் சொன்னால் கேட்காமல், அம்மாவைத் தனியாக விடமுடியாது என்று தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். தலை பின்னிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவளுக்கு வெடித்தது.

"கூடப் படிக்கிற பொண்ணு பீச்சுக்கு வந்தப்ப ஒன்னப் பாத்துச்சாம். ஆம்பளச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு அம்மா ஓடுதே, யாரு அதுன்னு கேக்குது. யாரோன்னு சொல்லிட்டேன்."

மங்கலத்துக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல், "சொல்லிட்டுப் போ" என்றாள்.

"முட்டி தேஞ்சு போச்சு, இன்னும் எதுக்கும்மா? அது வரவே போறதில்ல."

"வந்தா?"

"வந்தா நான் வந்து ஒன்னத் தூக்கிட்டுப் போறேன்."

மங்கலத்தின் கையிலிருந்த தம்ளர் சுவரில் போய் மோதியது. "வாயக் கழுவுடி! அந்தப் பேச்ச இன்னொரு தடவ எடுத்த, தோல உரிச்சிடுவேன். எவரு வந்தாலும் நீ வரக் கூடாது. ஒங்கப்பா வந்தது போதும்." இசைவாணி பாதிப் பின்னலோடு பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

இந்த ஏப்ரலில் ஒரு மத்தியானம், சுமத்ரா பக்கம் பூமி ஆடிவிட்டது, கரையோரம் இருக்கிறவர்கள் வெளியேற வேண்டும் என்று டிவி சொன்னது. கொஞ்ச நேரத்தில் போலீஸ் மைக்கும் சொன்னது. கடற்கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த மங்கலம் சேலையைச் செருகினாள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு முதல் தடவையாக முகத்தை ஊர்ப் பக்கம் வைத்து ஓடினாள். மைக்கைக் கேட்டுவிட்டு நகரலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றிருந்த தங்கம்மாள், அவள் வருகிற திசையைப் பார்த்தாள். கதவைக்கூடச் சாத்தாமல் கிளம்பிவிட்டாள். தெருவே கிளம்பிவிட்டது.

முட்டி கொதித்தது. ஆனாலும் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தவள் மங்கலம்தான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். யாரும் அவளுக்காகத் திரும்பவில்லை. பொண்ணு சிதம்பரத்தில் இருக்கிறது, கடல் அங்கே வராது. அவளுக்கு அழுகை வந்தது. அது நிம்மதியான அழுகைதான்.

அந்த நேரத்தில்தான் சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். ஊரே இந்தப் பக்கம் வர, ஒருத்தி மட்டும் தோளில் பையோடு கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். பாதியில் கலைந்த பின்னல். இசைவாணி.

"இசை! ஏய் இசை!"

ஹாரன் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? கிளாஸ் சீக்கிரம் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவளுக்கு ஆலப்பாக்கம் தாண்டும்போது சேதி வந்திருக்கிறது. அம்மாவுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். போன் வீட்டு அலமாரியில் கிடந்தது. கடலூரில் இறங்கியதும் ஓட ஆரம்பித்துவிட்டாள்.

மங்கலம் கம்பியை விட்டாள். முட்டி என்ன சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கடலைப் பார்த்து ஓடுவது அவளுக்குப் பழக்கம்தானே! எதிரே வந்த சைக்கிளில் மோதி, கட்டைவண்டியைச் சுற்றி, ஐஸ் கம்பெனி வளைவில் மகளின் பையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். இசைவாணி திரும்பினாள். பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா!"

"நீ போன எடுக்கல… முட்டி வேற… நீ எங்கன்னா விழுந்து கெடப்பியோன்னு…" விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். இத்தனை தூரம் அவள் ஓடியதே பெரிய விஷயம்.

"ஓடு."

"என்னால முடியலம்மா. நீ முன்னால போ. நீதான் ஓடுவியே."

அது நிஜம்தான். அந்தச் சாலையில் மங்கலத்தை முந்த அன்று ஆள் இல்லை. ஆனால் அவள் முன்னால் போகவில்லை. மகளை ஊர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். தான் பின்னால் வந்து, உள்ளங்கையை விரித்து அவள் முதுகில் வைத்து அழுத்தினாள். இசைவாணி தடுமாறினால் தானும் தாமதித்து, அவள் நடந்தால் தானும் நடந்து, கடலுக்கும் மகளுக்கும் நடுவிலேயே வந்தாள். எல்லோரும் அவர்களைத் தாண்டிப் போனார்கள். தங்கம்மாள்கூடத் தாண்டிப் போனாள். மைதானத்துக்குக் கடைசியாக வந்தவர்களில் அவர்களும் இரண்டு பேர்.

பொழுது சாயும் வரை அந்தப் புழுதியில் ஊரே உட்கார்ந்திருந்தது. அப்புறம் ஜீப் வந்து, ஆபத்து இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றது. சிலர் சிரித்தார்கள், சிலர் டிவிக்காரனைத் திட்டினார்கள், சாமிக்கண்ணு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

தங்கம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். "அதான் வரலேன்றாங்களே, இன்னும் ஏன்டி அவள அழுத்திக்கிட்டு இருக்க? கைய எடுடி, புள்ள மூச்சு விடட்டும்."

"எடுக்கறேங்க்கா" என்றாள் மங்கலம். கை மகளின் முதுகிலேயே இருந்தது.