மெயினை நிறுத்திய பிறகும்

அக்கா வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்கும். அவருடைய அவசரம்தான் பிடிக்காது. டிவி செத்துப்போச்சு என்று மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன் வந்ததும், "நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பதுளையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் கொழுந்தியாள் சொன்னால் அத்தான் கேட்டுவிடுவாரா? மழை அரித்த ரோட்டில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து, நான் போய்ச் சேர்ந்தபோது பின்மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விடப் போனார்.

"அத்தான், கையை எடுங்க!"

"கத்தாத புள்ள. மெயினை நிப்பாட்டியாச்சு."

வரிசையாக ஒட்டியிருக்கும் வீடுகள் கொண்ட அந்த லயத்துக்கே மெயின் சுவிட்ச் ஒன்றுதான், அதுவும் கடைசி வீட்டில். அங்கே நிறுத்துகிறவர் "போயிருச்சு!" என்று கத்துவார். பக்கத்து வீட்டில் அதை வாங்கி அடுத்த வீட்டுக்குக் கத்துவார்கள். அந்தக் குரல் வந்துவிட்டால் போதும், எந்த ஒயரையும் தொடுவார்கள். அன்று அக்காதான் போய் நிறுத்திக் கத்திவிட்டு வந்திருந்தாள்.

போன வருஷம்தான் அத்தானுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. அவர் விரலுக்கு நேர் எதிரே, கரண்டைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மலையிலேருந்து பீலியில வர்ற தண்ணி விட்டுவிட்டுத்தானே வருது? பீப்பாயில புடிச்சு வச்சா குழாய்ல சீரா வரும்ல? டிவிக்குள்ளயும் கரண்ட் ஒரே பக்கமா, ஆனா துடிச்சுத் துடிச்சுத்தான் வரும். இந்தக் கெப்பாசிட்டர்தான் பீப்பா, ஏறுறப்ப நெறைச்சுக்கும், எறங்குறப்ப விட்டுக்குடுக்கும்."

"அதான் பீலிய அடைச்சாச்சே!"

"பீப்பாய யாரு காலி பண்ணுனா? ஓடுற டிவின்னா அதுவே குடிச்சுத் தீத்திருக்கும். இது செத்தது அத்தான், குடிக்க ஆளில்ல."

"பெரிய டீச்சரு!" என்று அவர் மறுபடி கையை நீட்டினார். வந்த கோபத்தில் அவரைத் தோளால் தள்ளிவிட்டு, பையிலிருந்த, ஒயர் மாட்டிய குண்டு பல்பை எடுத்து, அதன் இரண்டு ஒயர்களையும் கெப்பாசிட்டரின் கால்களில் வைத்தேன்.

கரண்ட் இல்லாத அந்த வீட்டில் பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது.

அத்தான் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தானே கத்துனேன்," என்றாள். "போயிருச்சுன்னு நான்தானே கத்துனேன்."