இரண்டு பட்டை கழற்றப் போன பயணம்

எனக்கு வயது எழுபத்து நாலு. பிள்ளைகள் ஐந்து. ஐந்தையும் வளர்த்து ஆளாக்கி, ஐந்தையும் என் பேச்சைக் கேட்க வைத்தவள் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், இதை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. எழுத்தில் தப்பிருக்கலாம், விஷயத்தில் இல்லை.

பத்தொன்பது கிலோமீட்டர் போய் வந்ததை யாராவது பயணம் என்று எழுதுவார்களா என்று என் கடைசி மகன் அருள் கேட்டான். எங்கள் தோட்டத்துப் படலிலிருந்து திண்டுக்கல் பேகம்பூர் ஸ்பிரிங் பட்டறை வாசல் வரை பத்தொன்பதுதான். ஆனால் அதில் முதல் நாலு கிலோமீட்டர் கல்லும் குழியுமான வண்டிப்பாதை, நடுவில் ஓர் ஓடை. அந்த நாலு எப்படிப்பட்டது என்று வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்காக எழுதுகிறேன்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மூன்றாவது மகள் பிலோமினாவுக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆகி, ஸ்குரூ வைத்திருந்தார்கள். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தாள். புதன்கிழமை வீட்டுக்கு விடுகிறோம் என்றார் டாக்டர். கூடவே இன்னொன்றும் சொன்னார். "படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போங்க. தூக்கிப் போடக் கூடாது. உங்க ரோடு அப்படின்னா மூணு மாசம் டவுன்லயே ரூம் எடுத்து வச்சுக்கிறது நல்லது."

ஆம்புலன்ஸ் எங்கள் ஓடையைத் தாண்டாது, அடியில் தட்டும். எங்கள் பாதையில் வருவது எங்கள் ஜீப் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் வாங்கிய வண்டி, இருபத்தேழு வருசமாகிறது. அதில் உட்கார்ந்து போனாலே பல் ஆடும். பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரூமெல்லாம் வேணாம்மா. நம்ம வீட்டுக்கே போயிருவோம்" என்றாள். அவள் எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. அதனால்தான் கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலை 7.15. அருள் ஓட்ட, நான் முன்னால் உட்கார்ந்தேன். காலி வண்டி. கோபிநாதசாமி மலைக்கு மேலே மேகம் கட்டியிருந்தது, மழை வருகிற மேகம் இல்லை. முருங்கைக் காட்டைத் தாண்டி ஓடையில் இறங்கியபோது பின்சக்கரம் ஒரு குதி குதித்தது. என் தலை மேல்கம்பியில் இடித்தது.

"பிடிச்சுக்கம்மா!"

"இடிச்ச பிறகு எதுக்குலே சொல்ற?"

ஒன்றை அப்போதே கவனித்தேன். எத்தனையோ வருசம் பார்த்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் மனதில் பட்டது. முருங்கைக்காய் மூட்டை ஏற்றிப் போகும்போது இதே ஜீப் இதே ஓடையில் அலுங்காமல் போகும். மூட்டையை இறக்கிவிட்டு ஆள் மட்டும் ஏறினால் தூக்கிப் போடும்.

ரெட்டியார்சத்திரத்தில் டீ குடித்தோம், ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அருள் அவன் யோசனையைச் சொன்னான்.

"யூடியூப்புல பார்த்தேம்மா. ரெண்டு இஞ்சு தூக்கி விட்டு, பெரிய டயர் போட்டா வண்டி சும்மா கம்பீரமா நிக்கும்."

"ஏலே, வண்டி நிக்கிறதுக்கா போறோம்? உங்க அக்கா படுக்குறதுக்குப் போறோம்."

மலைக்கோட்டை கண்ணில் பட்டபோது மணி 8.20. டவுன் நெரிசலில் ஊர்ந்து, 8.45க்குப் பட்டறை.

பட்டறைக்காரர் ஜமால் பாய், ஐம்பது வயதிருக்கும். முகமெல்லாம் சிரிப்பு, கையெல்லாம் கிரீஸ். ஜீப்புக்கு அடியில் படுத்து எட்டிப் பார்த்தவர் உள்ளிருந்தே கத்தினார்.

"என்னம்மா இது! பின்னாடி பக்கத்துக்கு ஒம்பது பட்டை இருக்கு! இது ஜீப்பா, லாரியா? லாரிக்காரன் கண்டா பொண்ணு கேட்டு வந்திருவான்!"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜீப்பின் ஸ்பிரிங் என்பது சுருள் கம்பி இல்லை. வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, போல்ட் போட்டு அச்சோடு கட்டியிருப்பார்கள். பட்டை கூடினால் சுமை தாங்கும். ஆனால் வண்டி விறைப்பாகிவிடும்.

பாய் போல்ட்டுகளைக் கழற்றினார். அடுக்கு பிரியவில்லை. துருப்பிடித்து ஒன்பதும் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தது. உளி வைத்துத் தட்டித் தட்டிப் பிரித்தபோது செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. இரண்டு பக்கத்து அடுக்கிலும் இரண்டிரண்டு பட்டை மட்டும் வேறு நிறம். ஒன்றைத் துணியால் துடைத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஓரத்தில் மூன்று புள்ளி குத்தியிருந்தது.

"இது எங்க அத்தா போட்டதும்மா. அவரு பட்டை அடிச்சா மூணு புள்ளி குத்துவாரு. யாரும்மா இதை ஏத்தச் சொன்னது?"

"எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

அருள் என்னை ஒரு பார்வை பார்த்தான். 

நான் சொன்னது பொய். அந்த இரண்டு பட்டையையும் ஏற்றச் சொன்னது நான்தான். வீட்டுக்காரர் செத்த மறுவருசம் அது. இதே பட்டறைக்கு வந்து, பக்கத்துக்கு இன்னும் ரெண்டு போடுங்க, எம்புட்டு ஏத்தினாலும் வண்டி குனியக் கூடாது என்று சொன்னது என் வாய். அப்போது பிலோமினாவுக்கு இருபத்து நாலு வயது. ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டு, வாரம் மூன்று தடவை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சுமை கொண்டு போனாள். அங்கே ஜீப் ஓட்டிக்கொண்டு வந்து நின்ற பொம்பளை அவள் ஒருத்திதான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போகும்போது மூட்டை, திரும்பும்போது காலி வண்டி. பன்னிரண்டு வருசம். ஒரு நாள் அவள் கேட்டாள், "அம்மா, காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. அந்த ரெண்டு பட்டையைக் கழத்திருவோமா?" கழற்றிவிட்டுச் சுமையை உன் தலையிலா வைப்பது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, இது ஒரு நாளில் வந்தது இல்லை, பல வருசம் அடி வாங்கிய முதுகு என்றார்.

"கழத்திரவாம்மா, ரெண்டையும்?" என்று பாய் கேட்டார்.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அது இருக்கட்டும் பாய். மத்ததெல்லாம் மாத்தினாப் போதாதா?"

அவர் தன் அப்பா குத்திய மூன்று புள்ளியை விரலால் தடவினார். கழற்றுவதில் அவருக்கும் பெரிய விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. "பார்ப்போம்மா. ஷாக் அப்சர்பர் போட்டுப் பார்ப்போம்."

பழைய ஷாக் அப்சர்பரைக் கழற்றி என்னிடம் கொடுத்து அமுக்கச் சொன்னார். சைக்கிள் பம்பு மாதிரி சடக்கென்று இறங்கி, அப்படியே கிடந்தது. உள்ளே எண்ணெய் வற்றி எத்தனை வருசமோ. புதிதாக வாங்கியது ஒன்று ஆயிரத்து எழுநூறு ரூபாய், நாலு வாங்கினோம். அதை அமுக்கினால் மெதுவாக இறங்கி மெதுவாக ஏறியது. அவசரமில்லாத சாமான். எனக்குப் பிடித்துப்போனது. பட்டைகளைத் தேய்த்துக் கிரீஸ் தடவி, தளர்ந்ததைப் பழுக்கக் காய்ச்சி வளைவு ஏற்றி, தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றிக் கட்டி முடித்தபோது மாலை ஐந்து மணி.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிலோமினா மகள் ஜெனிபர்தான் அம்மாவுக்குத் துணைக்கு இருந்தாள். பிலோமினா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"வண்டி ஆயிருச்சாம்மா?"

"ஆயிருச்சு."

"அந்த ரெண்டு பட்டை?"

"பாய் பார்த்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

இரவு ஆஸ்பத்திரியிலேயே தங்கினோம். செவ்வாய்க்கிழமை காலை 7.30. ஜீப்பின் பின்னால் ஒரு பக்க சீட்டைக் கழற்றி, பலகை போட்டு, அதன் மேல் மெத்தை விரித்திருந்தான் அருள். ஓட்டிப் பார்க்கத் தாடிக்கொம்பு ரோட்டில் போனோம். பாயும் கூட வந்தார். குடகனாற்றுக் கரையில் எங்கள் ஓடை மாதிரியே கல் கிடக்கும் ஒரு பாதை இருக்கிறது. அங்கே நிறுத்தச் சொல்லி நான் பின்னால் ஏறினேன்.

"என்னம்மா செய்யப் போற?"

"படுக்கப் போறேன். அவ படுக்குற மாதிரியே படுத்துப் பார்த்தாத்தானே தெரியும்."

"அம்மா, இந்த வயசுல... நான் படுக்குறேன், நீ இரு."

"நீ படுத்தா வண்டியை நானா ஓட்டுறது?"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மல்லாந்து படுத்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்து, அம்மாவுக்கு என்னங்க, சோடா வாங்கியாரவா என்று கேட்டார். ஒன்றுமில்லை, வண்டி சோதிக்கிறோம் என்றார் பாய். ஆட்டுக்காரர் நம்பினது மாதிரி தெரியவில்லை.

ஓடவிட்டார்கள். முன்பு மாதிரி சடசடப்பு இல்லை. நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கல் வந்தது. அடியிலிருந்து ஒரு குத்து. இடுப்பு பலகையை விட்டு எழும்பி விழுந்தது. படுத்திருக்கும்போது பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது, முழுக்க முதுகுதான் வாங்கும். பன்னிரண்டு வருசத்தில் இப்படி எத்தனை குத்து என்று ஒரு நினைப்பு வந்தது. எழுந்திருக்க எனக்குச் செத்த நேரம் பிடித்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் பாய்.

நல்லாயிருக்கு என்று சொல்லியிருப்பேன். சொல்ல வாயும் திறந்தேன். என்னமோ, வரவில்லை. "நீங்க ஒரு தடவை படுங்க பாய்" என்றேன்.

"நான் எதுக்கும்மா? நம்மது பழகின முதுகு."

"படுங்க."

படுத்தார். அதே கல்லில் அருள் ஏற்றி இறக்கினான். இறங்கி வந்தவர் தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டார். "ஷாக் அப்சர்பரைக் குத்தம் சொல்லக் கூடாதும்மா. பட்டை வளைஞ்சு கொடுத்தாத்தானே அது தாங்கும்? இது வளையவே மாட்டேங்குது."

"கழத்திருங்க. ரெண்டையும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. கழத்திட்டா மூட்டை ஏத்தக் கூடாது. ஏத்தினா பட்டை ஒடிஞ்சிரும்."

"அப்ப முருங்கைக்காய்?" என்றான் அருள்.

"பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்ல ரோட்டுக்குப் போகட்டும். இனிமே இதுல ஆளுதான் ஏறும்."

மத்தியானத்துக்குள் பக்கத்துக்கு ஏழு பட்டையாகக் கட்டினார். டயரில் முப்பத்தைந்து இருந்த காற்றை இருபத்திரண்டாகக் குறைத்தார். கழற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை நான் வச்சுக்கவாம்மா? அத்தா கை பட்டது" என்றார். வைத்துக்கொள்ளச் சொன்னேன். "அத்தா வேலையில குத்தம் இல்லைம்மா. கேட்டவங்க சுமைக்குக் கேட்டிருக்காங்க, அவரு சுமைக்குப் போட்டிருக்காரு" என்றார். நான் முந்தியை அவிழ்த்துக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

மறுபடியும் அந்த ஆற்றுப் பாதைக்குப் போய் மறுபடியும் படுத்தேன். அதே கல் வந்தது. இந்தத் தடவை வண்டி என்னைத் தூக்கி, பிள்ளையை இறக்கி வைக்கிற மாதிரி இறக்கி வைத்தது.

புதன்கிழமை காலை 10.30. பிலோமினாவைப் பலகையோடு ஏற்றினோம். ஜெனிபர் கால்மாட்டில் உட்கார்ந்தாள், நான் தலைமாட்டில். தார் ரோட்டில் அருள் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துவிட்டு ஏதோ திட்டிக்கொண்டே போனார். அருள் கையைக் காட்டிச் சிரித்தான். அவன் அப்படிப் பொறுமையாக ஓட்டி நான் பார்த்ததில்லை. ரெட்டியார்சத்திரத்தில் நிறுத்தவில்லை. வண்டிப்பாதையில் திரும்பியபோது மணி 11.35.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வலித்தால் சத்தம் போட மாட்டாள், மேலுதட்டைக் கடிப்பாள். சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான். முதல் கிலோமீட்டர், கடிக்கவில்லை. இரண்டாவது, கடிக்கவில்லை. ஓடையில் இறங்கினோம். முன்சக்கரம் இறங்கியது, பின்சக்கரம் இறங்கியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிதானமாக நிமிர்ந்து, கரை ஏறியது. அப்போதும் அவள் உதட்டைக் கடிக்கவில்லை.

முருங்கைக் காட்டு நிழல் வண்டிக்குள் விழுந்தபோது அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஓடை வந்தாச் சொல்லும்மா. பல்லைக் கடிச்சுக்கிறேன்."

"தாண்டியாச்சு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "கழத்திட்டியா?"

தலையை மட்டும் ஆட்டினேன். படல் திறந்திருந்தது, வண்டி நேராக உள்ளே போய்விட்டது. மணி 12.05.

திண்டுக்கல்லுக்கு என் ஆயுசில் ஆயிரம் தடவை போயிருப்பேன். போகும்போது ஏதாவது விற்கப் போவேன், வரும்போது ஏதாவது வாங்கி வருவேன். இந்தத் தடவை பக்கத்துக்கு இரண்டு இரும்புப் பட்டையைக் குறைத்துவிட்டு வந்தேன். பாதை அப்படியேதான் இருக்கிறது, கல்லும் அதே கல்தான். வண்டி இப்போது கொஞ்சம் குனிந்து நிற்கிறது. பார்க்கிறவர்கள் என்ன அசந்துபோய் நிற்கிறது என்று கேட்கிறார்கள். நிற்கட்டும்.

எழுதியாகிவிட்டது. ஜெனிபர், இந்தா, வாங்கிப் படி. என் எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. உள்ளே போய் உட்கார வேண்டாம், இந்த ஜன்னல் பக்கத்திலேயே இருந்து படி. அந்த இரண்டு பட்டையை ஏற்றச் சொன்னது யார் என்று எழுதியிருக்கிறேன் பார், அந்த இடம் வந்ததும் செத்த சத்தமாக வாசி. உங்கம்மா உள்ளே முழித்துத்தான் படுத்திருக்கிறாள்.