எண்பத்தெட்டு என்று காட்டியது

பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு, நடக்கும்போது கட்டிக்கொள்ள என் கணவருக்கு டாக்டர் ஒரு வாட்ச் வாங்கச் சொன்னார். அவர் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடந்தால், வீட்டிலிருக்கும் என் போனில் அவருடைய இதயத்துடிப்பு தெரியும். நூற்றுப்பத்தைத் தாண்டினால் உடனே கூப்பிட்டு, "முதல்ல உட்காருங்க!" என்று கத்துவேன். "கூட நடக்கிறவங்க சிரிக்கிறாங்கடி" என்பார்.

பிறகு சில வாரங்கள் எண்பத்தெட்டைத் தாண்டவே இல்லை. உடம்பு தேறிவிட்டது என்று நம்பினேன். போன மாதம் ஒரு காலையில், நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென நூற்று நாற்பது காட்டியது. திட்டுவதற்காகக் கூப்பிட்டேன், அவர் எடுக்கவில்லை. காலிங் பெல் அடித்தது. அவரோடு நடக்கும் நண்பர், ஓடி வந்து மூச்சிரைக்க நின்றிருந்தார். அந்த வாட்ச் அவர் கையில் இருந்தது.

"சிஸ்டர், சார் மயங்கி விழுந்துட்டாரு, ஆட்டோல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நீங்க திட்டுவீங்கன்னு டெய்லி இதை எனக்குக் கட்டி விட்டுருவாரு."

உயிர் பிழைத்தார். ஆனால் இதயம் இனி தேறாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது நான் போனைப் பார்ப்பதில்லை. ஹாலிலிருந்து பாத்ரூம்வரை, அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி கூடவே நடக்கிறேன். உட்காரச் சொல்லி நான் கத்துவதில்லை. பாதி வழியில் அவரே உட்கார்ந்துவிடுகிறார்.